கத்தி கடைசியில் வரட்டும்

மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கென்று விற்கும் பழப்பட அட்டைகளைப் பிரித்துப் பாருங்கள். முதல் அட்டை ஆப்பிள். அடுத்தது செர்ரி, ஸ்ட்ராபெர்ரி, கிவி. சித்திரை மாதம் நம் தெருவுக்குள் தள்ளுவண்டியில் வருவது இவையா? தர்பூசணி, கிர்ணி, நுங்கு, வெள்ளரிப்பழம் வருகின்றன. மாம்பழத்தில் மட்டும் நாலைந்து ரகம் வருகிறது. பலாச்சுளை விற்பவர் தெருமுனையில் திரும்பும்போதே வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். இத்தனையும் வாசலில் இருக்க, அச்சடித்த பழத்தைக் காட்டி "இது என்ன சொல்லு" என்று கேட்பது வீண் வேலை.

சரி, நிஜப் பழமே வாங்கிவிட்டோம். அது பிள்ளையிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது? தோல் சீவி, விதை எடுத்து, சின்னத் துண்டுகளாக நறுக்கி, கிண்ணத்தில் போட்டு, முள்கரண்டி குத்தி. அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை தர்பூசணி என்பது சிவப்புத் துண்டு, மாம்பழம் என்பது மஞ்சள் துண்டு. ஒரு பழத்தில் தெரிந்துகொள்ள இருப்பதில் பாதிக்கு மேல் அதை வெட்டுவதற்கு முன்னால் இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி, தின்று முடித்ததும் குப்பைக்குப் போகிற தோலிலும் கொட்டையிலும் இருக்கிறது. நாம் கொடுப்பது நடுவில் உள்ள இனிப்பை மட்டும்தான். ஆகவே ஒரே ஒரு மாற்றம்: வாங்கி வந்த பழத்தை உடனே வெட்டாதீர்கள். தர்பூசணி என்றால் அரை நாள், மாங்காய் என்றால் ஒரு வாரம், கத்தி காத்திருக்கட்டும்.

ஒரு தடவைக்கு ஒரு பழம், ஒரு வேலை, பத்துப் பதினைந்து நிமிடம். இந்த வயதில் அதற்கு மேல் கவனம் நிற்காது, நின்றால் லாபம். காலை பத்து மணிக்குள்ளோ சாயங்காலமோ வைத்துக்கொள்ளுங்கள். தரையில் பழைய போர்வையை விரித்துவிட்டால் சாறு சிந்துவதைப் பற்றிக் கவலையில்லை. வேலை முடிந்ததும் உடனே உதறித் துவைக்காவிட்டால் எறும்பு வந்துவிடும். பழத்தை முதலிலேயே கழுவிவிடுங்கள், ஏனென்றால் நாம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பிள்ளை அதை நக்கிப் பார்க்கும்.

முழுப் பழம்

தர்பூசணியிலிருந்து தொடங்கலாம். மூன்று கிலோவுக்குக் குறையாத பழமாக இருக்கட்டும். பிள்ளை உட்கார்ந்து கட்டிப்பிடித்தால் கை எட்டுமா எட்டாதா என்கிற அளவு. முதலில் உருட்டச் சொல்லுங்கள். நீளவாக்கில் இருக்கும் பழம் நேராக ஓடாது, வளைந்து போய்ச் சுவரில் முட்டும். உருண்டைப் பழம் நேரே போகும். இதை விளக்க வேண்டாம், இரண்டு முறை உருட்டினால் பிள்ளையே அடுத்த முறை எந்தப் பக்கம் தள்ளுவது என்று மாற்றிக்கொள்ளும். பிறகு பழத்தின் அடியில் ஒரு வெளிறிய திட்டு இருக்கும், அதைத் தேடச் சொல்லுங்கள். பழம் கொடியில் கிடந்தபோது மண்ணில் பட்டுக்கொண்டிருந்த இடம் அது; வெயில் படாததால் பச்சை ஏறவில்லை. திட்டு நல்ல மஞ்சளாக இருந்தால் பழம் கொடியிலேயே முற்றியது என்று அர்த்தம். வெள்ளையாக இருந்தால் அவசரப்பட்டுப் பறித்தது. அடுத்த தடவை கடையில் திட்டைப் பார்த்துப் பழம் பொறுக்குகிற வேலையைப் பிள்ளையிடமே விடலாம்.

பிறகு நூல். பழத்தைத் தொடாமல், தள்ளி நின்று பார்த்து, "இதைச் சுத்திக் கட்ட எவ்வளவு நூல் வேணும்?" என்று கேட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு துண்டு நறுக்க வேண்டும். சுற்றிப் பார்த்தால் ஒன்று எட்டாது, ஒன்று மிஞ்சித் தொங்கும். பெரியவர்களுக்கும் தவறும், அதுதான் இதில் வேடிக்கை. ஒரு வட்டத்தின் சுற்றளவு அதன் அகலத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று அதிகம் என்பது கண்ணுக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. நூல்களைக் குட்டையிலிருந்து நெட்டை வரை வரிசையாகத் தரையில் வைத்துப் பார்த்தால் நீளம் ஒப்பிடும் பாடம் முடிந்தது.

எடைக்குக் கொட்டாங்குச்சித் தராசு. ஒரே அளவான இரண்டு கொட்டாங்குச்சி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் மூன்று ஓட்டை (ஆணியைச் சூடாக்கிப் பெரியவர் போட வேண்டும்), ஒரு அடி நீளக் குச்சி, சணல் கயிறு. குச்சியின் இரண்டு முனையிலும் தட்டுகளைக் கட்டி, நடுவில் ஒரு கயிறு கட்டிக் கதவுப் பிடியில் தொங்கவிடுங்கள். முதல் தடவை கண்டிப்பாக ஒரு பக்கம் சாயும். கொட்டாங்குச்சி இரண்டும் ஒரே எடையாக இருக்காது. நடுமுடிச்சைக் கொஞ்சம் நகர்த்துங்கள், அல்லது மேலெழும் தட்டின் அடியில் பிசைந்த கோதுமை மாவு உருண்டையை ஒட்டுங்கள். எலுமிச்சையே எடைக்கல். சின்னச் செந்தூரா மாம்பழம் ஒன்றுக்கு நாலைந்து எலுமிச்சை வரும். பங்கனப்பள்ளியை இதில் வைக்காதீர்கள், கயிறு அறுந்துவிடும். "மாம்பழம் எத்தனை எலுமிச்சை?" என்ற கேள்விக்கு ஐந்து வயதுப் பிள்ளை எண்ணிச் சொல்லும். மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் இறங்கியது என்பதே போதும்.

இத்தனையிலும் பிள்ளைகள் விடாமல் திரும்பத் திரும்பக் கேட்பது தண்ணீர்த் தொட்டி விளையாட்டைத்தான். பெரிய அலுமினியச் சட்டியிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ முக்கால் அளவு தண்ணீர். அருகில் பெரியவர் ஒருவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பழத்தையும் போடுவதற்கு முன் "மிதக்குமா, முங்குமா?" என்று ஊகிக்கச் சொல்லி, ஊகத்தின்படி இரண்டு தட்டில் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். முதலில் ஊகம், பிறகு சோதனை. இந்த வரிசை தப்பினால் அது வெறும் தண்ணீர் விளையாட்டு. அதிலும் குற்றமில்லை, கற்றல்தான் குறையும். எல்லாப் பிள்ளைகளும் கனமானது முங்கும் என்றே சொல்லும். ஆனால் மூன்று கிலோ தர்பூசணி மிதக்கிறது, ஒற்றைத் திராட்சை அடியில் போய் உட்காருகிறது. அந்த நேரம் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். வாழைப்பழமும் மிதக்கும். நன்றாக முற்றிய மாங்காய் முங்கும், முற்றாதது மிதக்கும். காய் முற்றிவிட்டதா என்று தரம் பிரிக்க இதே தண்ணீர்ச் சோதனையைப் பயன்படுத்துவதுண்டு.

கமலா ஆரஞ்சு கிடைத்தால் கடைசியாக வையுங்கள். தோலோடு போட்டால் மிதக்கும். உரித்துப் போட்டால் முங்கும். எடை குறைந்த பிறகு ஏன் முங்குகிறது? தோலின் உள்பக்க வெள்ளைப் பஞ்சில் காற்று நிறைய இருக்கிறது, மிதவைச் சட்டை மாதிரி. சில பழத்தில் சுளைகளுக்கு நடுவே பெரிய பொந்து இருக்கும். அது உரித்த பிறகும் மிதந்து நம் மானத்தை வாங்கும். அப்படியானால் இரண்டாகப் பிளந்து, பொந்தில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டுப் போடுங்கள். இதைச் சாத்துக்குடியில் முயல வேண்டாம். தோல் சுளையோடு ஒட்டியிருப்பதால் உரிப்பதற்குள் சாறெல்லாம் ஒழுகிவிடும்.

பழுப்பதைப் பார்க்க வைப்பது நாள் கணக்கில் ஆகும் வேலை. காத்திருக்கப் பழக்க இதைவிட நல்ல வழி இல்லை. முழுப் பச்சையாக உள்ள வாழைக்காய்ச் சீப்பிலிருந்து மூன்று காய் எடுங்கள். பூவனோ கற்பூரவள்ளியோ எதுவானாலும் சரி. ஒன்றை, பழுத்த பழம் ஒன்றோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டு வாயைச் சுருட்டி வையுங்கள். இன்னொன்றை ஜன்னலோரம் தனியாக. மூன்றாவதை ஃப்ரிட்ஜில். தினமும் காலையில் பிள்ளை மூன்றையும் பார்த்து, நாள்காட்டியில் அந்தந்த நிறத்தைத் தீட்ட வேண்டும். பையில் உள்ளதுதான் முதலில் மஞ்சளாகும். பழுத்த பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது, அது பக்கத்துக் காயையும் பழுக்க வைக்கிறது. அரிசிப் பானைக்குள் மாங்காய் புதைத்து வைக்கும் பாட்டி செய்வதும் இதுவேதான், காய் விடும் வாயுவைப் போகவிடாமல் பிடித்து வைப்பது. ஃப்ரிட்ஜில் உள்ளது தோல் கறுத்து, உள்ளே கல்லாகவே இருக்கும். குளிர் தாங்காத பழம் வாழை. இந்தச் சோதனை பிசகுவதற்கு ஒரே காரணம்தான்: கடையில் தொங்கும் தாரில் பெரும்பாலானவை ஏற்கெனவே பழுக்க வைக்கும் அறையிலிருந்து வந்தவை. கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தாலும் பையில் உள்ளதும் ஜன்னலோரம் உள்ளதும் ஒரே நாளில் மஞ்சளாகிவிடும். நரம்புகூட மஞ்சளாகாத, பொரியலுக்குத் தேறும் காயாகக் கேட்டு வாங்குங்கள்.

மாங்காயை வைத்தால் இன்னொன்றும் தெரியும்: நிறத்தை நம்பக்கூடாது. இமாம்பசந்த் பழுத்த பிறகும் பச்சை மாறாமல் நிற்கும். செந்தூரா காயாக இருக்கும்போதே கன்னம் சிவந்து ஏமாற்றும். ஆகவே கண்ணைக் கட்டி, காம்புப் பக்கம் மோந்து பார்க்கச் சொல்லுங்கள், கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. காம்பில் வடியும் மாம்பால் பிள்ளையின் உதட்டில் பட்டால் புண்ணாகும். காம்பைக் கிள்ளி, பால் வடியும்படி கவிழ்த்து வைத்து, அரைமணி நேரம் தண்ணீரில் ஊறப் போட்டுக் கழுவிய பிறகே கையில் கொடுங்கள்.

இந்த நாட்களில் சொற்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். பிஞ்சு, காய், செங்காய், பழம் என்ற நாலு படியும் ஒரே மாம்பழத்தில் கிடைக்கிறது. மாவடு ஊறுகாய் போடும் வீடென்றால் வடு என்ற சொல்லும் உண்டு. வாழைப்பிஞ்சு கச்சல், பலாப்பிஞ்சு மூசு, தென்னையிலும் பனையிலும் குரும்பை. பிள்ளைக்கு இதெல்லாம் கஷ்டம் என்று நாம்தான் நினைக்கிறோம். ஒட்டகச்சிவிங்கி என்று சொல்லத் தெரிந்த வாய்க்குக் கச்சல் ஒரு சிரமமா?

வெட்டும்போது

வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: உள்ளே என்ன நிறம், எத்தனை கொட்டை? ஊகித்த பிறகு வெட்டுங்கள். பப்பாளியைக் குறுக்கே வெட்டினால் நடுக்குழி ஐந்து முனை நட்சத்திரமாகத் தெரியும், நீளவாக்கில் வெட்டினால் படகு. எலுமிச்சை குறுக்கே வெட்டினால் சக்கரம். ஒரே பழத்துக்கு உள்ளே இரண்டு படம் இருக்கிறது என்பது பிள்ளைக்குப் பெரிய செய்தி. வாழைப்பழத்தை வெட்டவே வேண்டாம். தோலுரித்து ஒரு முனையில் விரல் வைத்து மெதுவாக அழுத்தினால் நீளவாக்கில் மூன்றாகப் பிரியும்.

பிள்ளை தானே நறுக்க, பழுத்த வாழைப்பழமும் பப்பாளிக் கீற்றும்தான் ஏற்றவை. வெண்ணெய் தடவும் மழுங்கிய கத்தி போதும். மாம்பழம் வேண்டாம், வழுக்கும். பாதி என்ற சொல்லைக் கவனித்துச் சொல்லுங்கள். "பெரிய பாதி எனக்கு" என்று நாமே பேசிவிட்டு, பாதி என்றால் சமம் என்று பிறகு கற்றுக்கொடுக்க முடியாது. ஒருவர் வெட்டினால் மற்றவர் முதலில் எடுக்கலாம் என்று விதி வைத்துப் பாருங்கள். அண்ணன் தங்கை இருக்கும் வீட்டில், நாலு வயதுக் கை அதற்குப் பிறகு மில்லிமீட்டர் பார்த்து வெட்டும்.

இங்கே கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. முழுத் திராட்சை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடக்கூடியது. நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். குறுக்கே இரண்டாக வெட்டினால் போதாது, உருண்டை அப்படியே இருக்கும். நுங்கும் வழுக்கிக்கொண்டு இறங்கும், சின்னதாகக் கிள்ளிக் கொடுங்கள். சப்போட்டா விதையின் ஒரு முனையில் சின்னக் கொக்கி உண்டு, தொண்டையில் மாட்டிக்கொள்ளும். விதையை நாமே எடுத்துவிட வேண்டும். நாவல் கொட்டை, புளியங்கொட்டை, தர்பூசணி விதை எல்லாம் மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போகிற அளவில்தான் இருக்கின்றன. போய்விட்டால் விரலையோ ஹேர்பின்னையோ விட்டுத் தோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போகும். நேரே மருத்துவரிடம் போங்கள். ஓடிக்கொண்டே தின்னக் கூடாது என்பதை விளையாட்டு விதியாகவே வைத்துவிடுங்கள்.

எலுமிச்சையும் திராட்சையும்

தட்டில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவைப் பரப்பி, மருந்து ஊற்றும் டிராப்பரில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டச் சொட்ட விடச் சொன்னால் நுரைத்துப் பொங்கும். புளிப்பும் சோடாவும் சேர்ந்து கரியமில வாயு கிளம்புகிறது. டிராப்பரை அழுத்தி விடுவது பென்சில் பிடிக்கப் போகும் விரல்களுக்கு நல்ல பயிற்சி. பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள். அது வெறும் தண்ணீருக்கே பொங்கும், எலுமிச்சைக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். சாறு கண்ணில் பட்டால் எரியும், பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும்.

இதைவிட அழகானது திராட்சைச் சாயம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் கறுப்புப் பன்னீர் திராட்சை இருபது எடுத்து, சதையைப் பிதுக்கித் தின்றுவிட்டு, தோலை மட்டும் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கசக்குங்கள். பத்து நிமிடத்தில் ஊதாத் தண்ணீர். வடிகட்டி மூன்று வெள்ளைக் கிண்ணத்தில் பிரியுங்கள். எவர்சில்வர் கிண்ணத்தில் நிறம் சரியாகத் தெரியாது. ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் ரோஜாச் சிவப்பு. இன்னொன்றில் ஒரு சிட்டிகை சோடா போட்டால் நீலமும் பச்சையும் கலந்த நிறம். மூன்றாவது ஒப்பிட்டுப் பார்க்க. சோடாவை அள்ளிப் போட்டால் சீக்கிரம் பழுப்பேறி அசிங்கமாகும், சிட்டிகைதான். பச்சைக் கிண்ணத்தில் மறுபடி எலுமிச்சை பிழிந்தால் நுரைத்துக்கொண்டே சிவப்புக்குத் திரும்பும். பன்னீர் திராட்சைதான் வேண்டும். பச்சைத் திராட்சைத் தோலில் இந்தச் சாயம் கிடையாது.

ஆப்பிள் வெட்டினால் பழுப்பாகிறதே, அதையும் இங்கே சேர்க்கலாம். மூன்று துண்டு, ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் உப்புத்தண்ணீர், ஒன்று சும்மா. அரைமணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டியதுதான்.

மிச்சம்

கொட்டைகளைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்துச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். முதல் வேலை பிரிப்பது. ஒற்றைக் கொட்டைப் பழம் (மா, நாவல்), சில விதைப் பழம் (சப்போட்டா), எண்ணி மாளாத பழம் (பப்பாளி, கொய்யா). பலா எங்கே போகும்? பழத்தைக் கணக்கெடுத்தால் நிறைய, சுளையைக் கணக்கெடுத்தால் ஒன்று. இந்தச் சண்டையை முடித்து வைக்காதீர்கள். எண்ணுவதற்கு இட்லித் தட்டு நன்றாக உதவும். குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை போடும்போது, ஒரு பொருளுக்கு ஒரு எண் என்பது கையில் பதிகிறது. வாயால் ஒன்று முதல் இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளை, ஏழு கொட்டையை எண்ணும்போது ஒன்பது என்று முடிப்பது இந்தப் பழக்கம் இல்லாததால்தான். பிறகு குழிக்கு இரண்டு, குழிக்கு மூன்று. அதன்பின் பல்லாங்குழிப் பலகையைப் பரணிலிருந்து இறக்கலாம்.

அச்சு குத்த, வெட்டிய எலுமிச்சையைக் கவிழ்த்து ஒரு மணி நேரம் துணியில் வைத்துச் சாறு வற்ற விடுங்கள். ஈரத்தோடு குத்தினால் சக்கரம் வராது, கறைதான் வரும். சாயத்தைத் தட்டில் ஊற்றாமல் மடித்த ஸ்பாஞ்சில் தடவி அதில் ஒற்றியெடுக்க வேண்டும். குறுக்கே நறுக்கிய வாழைமட்டை எல்லாவற்றையும் மிஞ்சும், கண்ணறை கண்ணறையாகத் தேன்கூடு போலப் பதியும். ஆனால் வாழைக்கறை துணியில் பட்டால் போகவே போகாது. அன்றைக்குப் பிள்ளைக்குப் பழைய பனியன் போட்டுவிடுங்கள், நீங்களும் அப்படியே.

விதை நடுவதில் மாங்கொட்டையில் தொடங்காதீர்கள். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் பிள்ளை மறந்துவிடும். தர்பூசணி விதை சரியான தேர்வு. கண்ணாடி டம்ளரின் உட்சுவரை ஒட்டி ஈர டிஷ்யூவைச் சுருட்டி வைத்து, சுவருக்கும் டிஷ்யூவுக்கும் நடுவே நாலைந்து கறுத்த விதைகளைச் செருகுங்கள். வெள்ளை விதை முற்றாதது, முளைக்காது. கோடைச் சூட்டில் ஒரு வாரத்துக்குள் வேர் கீழே போவதும் தண்டு மேலே வருவதும் கண்ணாடி வழியே தெரியும். அடியில் தண்ணீர் தேங்கினால் விதை அழுகி நாறும், டிஷ்யூ ஈரமாக இருந்தால் போதும். பப்பாளி விதை போடுவதானால் மேலே உள்ள வழவழப்பான பையைச் சாம்பலில் தேய்த்து நீக்குங்கள், அது இருக்கும்வரை முளைப்பு தள்ளிப்போகும்.

கடைசியாக நுங்கு வண்டி. நுங்கு வாங்கும்போது சுளையைத் தோண்டி எடுத்துத் தராமல், காயின் தலையை மட்டும் சீவித் தரச் சொல்லுங்கள். விரலால் நோண்டித் தின்றுவிட்டால் மிஞ்சும் ஓடுதான் சக்கரம். கோந்தை, கூந்தல் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். பெரும்பாலும் மூன்று கண் இருக்கும், சிலதில் இரண்டு. ஏறத்தாழ ஒரே அளவான இரண்டு ஓடு வேண்டும். ஒரு அடி நீளமுள்ள, விரல் பருமனுள்ள குச்சியை இரு முனையும் கூராகச் சீவி, ஓட்டின் நடுமையத்தில் பெரியவர் குத்தி இறக்க வேண்டும். மையம் தவறினால் வண்டி நொண்டும். ஒரு ஓடு பெரிதாக இருந்தால் வட்டமடிக்கும். இரண்டையும் ஒரு தடவை வேண்டுமென்றே செய்து காட்டலாம். கவைக் குச்சியின் கவையை அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். கவைக் குச்சியின் நீளம் பிள்ளையின் நெஞ்சளவு இருந்தால் போதும், அதிகமானால் கவை அச்சை விட்டு நழுவிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு நாளில் ஓடு காய்ந்து சுருங்க, அச்சு ஆட ஆரம்பிக்கும். அச்சுக் குச்சியின் முனையில் ஈரத்துணி சுற்றித் திரும்பச் செருகினால் இன்னும் இரண்டு நாள் ஓடும். பூஞ்சை பிடித்துவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு, நுங்குக்காரர் வரும் நேரம் வாசலில் நிற்க வேண்டியதுதான்.